விதைக்கு விட்ட காய்

காய்கறி விதைக்கு ஒரு விலை உண்டு என்பதே எங்க அப்பத்தாவுக்குத் தெரியாது. பருத்தி விதை காசு கொடுத்து வாங்கியிருக்காங்க. நெல்லுக்கு நெல்லு மாத்தியிருக்காங்க. ஆனா கத்தரி விதைக்கும் அவரை விதைக்கும் காசு கொடுக்கிறதுன்னா, அடுப்புப் பத்தவைக்க நெருப்பைக் காசு கொடுத்து வாங்குற மாதிரி. நம்ம வீட்டுல இல்லேன்னா அடுத்த வீட்டுல கேட்டு வாங்கிட்டு வரவேண்டியதுதானே!

எங்க அம்மா காலத்துல அது பாதிக்குப் பாதி ஆச்சு. தக்காளியும் முட்டைக்கோசும் கடை விதை, மத்ததெல்லாம் வீட்டு விதை. என் காலத்துல எல்லாமே கடை விதை. கிராம் கணக்குல விற்கிறாங்க, சில ரகத்துக்கு எண்ணிப் போட்டு விற்கிறாங்க. மூணே தலைமுறை. இந்த மூணு தலைமுறைக்குள்ள என்ன நடந்தது, அதுல எது நம்ம கைவிட்டுப் போச்சு, எது இன்னும் கையில இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

விதைக்காய்

டவுன்ல இருக்கிறவங்க நிறைய பேர் நினைச்சிட்டிருக்கிறது என்னன்னா, பறிக்காம விட்டு முத்திப்போன காயிலிருந்து விதை எடுப்பாங்கன்னு. அப்படி இல்லை. கழிவுக்காயிலிருந்து விதை எடுத்தா அடுத்த வருஷம் கழிவுதான் காய்க்கும்.

விதைக்குன்னு ஒரு காயைத் தேர்ந்தெடுக்கிறது ஒரு வேலை. முதல்ல செடியைப் பார்க்கணும். நோய் விழுந்திருக்கக் கூடாது, பூச்சி அதிகம் தொட்டிருக்கக் கூடாது, தண்ணி தட்டுன நாள்ல வாடாம நின்னிருக்கணும். அப்புறம்தான் காய். ரெண்டாவது, மூணாவது பறிப்புல வர்ற நல்ல திரட்சியான காயா பார்த்து, காம்புல கிழிஞ்ச சேலைத்துணியை ஒரு துண்டு கட்டிவிடுவாங்க. துணி கட்டின காயை வீட்டுல யாரும் தொடக்கூடாது. குழம்புக்குக் காய் இல்லாத நாள்லகூட அதைத் தாண்டித்தான் கை போகும்.

கத்தரின்னா காய் மஞ்சளா பழுத்துத் தோல் தடிக்கிற வரைக்கும் செடியிலேயே நிக்கணும். அப்புறம் பறிச்சு நாலஞ்சு நாள் வச்சு, பிசைஞ்சு தண்ணியில அலசினா பொக்கு விதை மிதக்கும், நல்ல விதை அடியில தங்கும். அடியில தங்கினதைச் சாம்பல்ல புரட்டி நிழல்ல உலர்த்தி, கடைசியா இளவெயில் காட்டணும். தக்காளிக்கு ஒரு வேலை கூடுதல். சாறோட ஒரு நாள், ஒன்றரை நாள் புளிக்க விட்டால்தான் விதையைச் சுத்தி இருக்கிற வழவழப்பு போகும். பரங்கி, வெள்ளரி விதையைச் சாணியோட பிசைஞ்சு சுவத்துல வறட்டி மாதிரி தட்டிவிடுவாங்க. பூச்சி அண்டாது, எலியும் தொடாது. பீர்க்கும் சுரையும் கொடியிலேயே நெத்தாகி, குலுக்கினா கலகலன்னு சத்தம் வரணும். அதை அப்படியே அடுப்புக்கு மேல தொங்கவிட்டா புகை பட்டுப் பட்டு வருஷம் முழுக்க இருக்கும். முத்தின சுரைக்குடுக்கையே மத்த விதைக்கு டப்பாவும் ஆச்சு.

இதுல பெரும்பாலும் பொம்பளைங்க கைதான். நெல்லும் கம்பும் ஆம்பளைங்க கணக்கு, கொல்லைக் காய்கறி பொம்பளைங்க கணக்கு. கல்யாணமாகிப் போற பொண்ணு முடிச்சுல விதையும் போகும். எங்க வீட்டுப் பட்டை அவரை எங்க அம்மா பொறந்த ஊர்லருந்து வந்தது. அந்த ஊருக்கு எங்க அம்மாச்சி கொண்டு வந்தது. அதுக்கு முந்தி எந்த ஊர்னு கேட்டா சொல்ல ஆளில்லை.

நல்ல காயைத் தின்னாம விடுறது. காய்கறியோட வரலாறு எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு செயல்லதான் நிக்குது. ஒரு வீட்டுக்காரம்மாவுக்கு முள்ளு இருந்தாலும் பரவாயில்லை, ருசி முக்கியம். இன்னொரு ஊர்ல தண்ணி கம்மி, அங்கே தாங்குற செடிதான் முக்கியம். அப்படி ஒவ்வொரு வருஷமும் ஒரு காயை விட்டு விட்டுத்தான் ஊருக்கு ஒரு கத்தரி உண்டாச்சு. வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தக் கத்தரியை யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா ஒரு பேரும் சொல்ல முடியாது. காம்புல துணி கட்டின கைகள்தான் அதை உண்டாக்கினது.

வந்த காயும் சொந்தக் காய்தான்

நாட்டுக் காய்னு சொல்றோமே, அதுல எல்லாமே நம்ம மண்ணுல பொறந்தது இல்லை. கத்தரி நம்ம நாட்டுது. அதுக்கு வழுதுணைன்னு பழைய தமிழ்ப் பேரு உண்டு. அவரை சங்கப் பாட்டுலேயே வருது. ஆனா மிளகாய்? அது அமெரிக்காக் கண்டத்துச் செடி. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுல வந்து இறங்கினது 1498ல. அதுக்கப்புறம் போர்ச்சுக்கீசியர் கப்பல்லதான் மிளகாய் நம்ம கரைக்கு வந்தது. அதுவரைக்கும் நமக்கு உறைப்புன்னா மிளகுதான். புதுசா வந்த காய் மிளகு மாதிரி உறைச்சதால மிளகு-காய், மிளகாய் ஆச்சு. தக்காளியும் அப்படித்தான். எங்க ஊர்ப் பெரியவங்க சீமைத்தக்காளின்னுதான் சொல்லுவாங்க. மணத்தக்காளிதான் நம்ம பழைய தக்காளி. சுரைக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

இப்போ ராமநாதபுரம் போய்ப் பாருங்க. மழையை நம்பி, கரிசக்காட்டுல, குண்டு குண்டா விளையுது முண்டு மிளகாய். அதுக்கும் அதே 2023ல புவிசார் குறியீடு வந்தது. கடல் தாண்டி வந்த ஒரு செடி, ராமநாதபுரத்து வெயிலுக்கும் மழைக்கும் பழகி அந்த ஊர்ச் சொத்தாவே மாறியிருக்கு. அதுக்கு நானூறு, ஐந்நூறு வருஷம் ஆயிருக்கு. அந்த வருஷங்கள்ல பெரும்பங்கு விதைக் கம்பெனியும் இல்லை, ஆராய்ச்சி நிலையமும் இல்லை. வெயில்ல செத்தது போக மிச்சம் நின்ன செடியில விதை எடுத்து எடுத்துப் போட்டதுதான்.

அதனால நாட்டு விதைங்கிறது எங்கே பொறந்ததுங்கிற கணக்கு இல்லை, எத்தனை வருஷம் நம்ம மண்ணுல விதை எடுத்து வளர்த்தோம்ங்கிற கணக்கு.

விதைக்கு விலை வந்த கதை

காசு கொடுத்துக் காய்கறி விதை வாங்குற பழக்கம் மலையிலிருந்துதான் இறங்கினது. 1819லிருந்து நீலகிரிப் பக்கம் போக ஆரம்பிச்ச கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், உருளைக்கிழங்கையும் இங்கிலீஷ் காய்கறிகளையும் அங்கே பயிர் பண்ணவச்சார். முட்டைக்கோஸ், காலிபிளவர் மாதிரி குளிர்நாட்டுப் பயிர்கள்ல ஒரு சிக்கல் இருக்கு. நல்ல குளிர் படாம அது பூக்காது, பூக்காம விதை ஏது? சமவெளியில காயைத் தின்னலாம், விதை எடுக்க முடியாது. அதனால அதுக்கு விதை கப்பல்ல வரவேண்டியிருந்தது.

ரெண்டாம் உலகப் போர்ல கப்பல் போக்குவரத்துக் கெட்டுப்போய் விதை வர்றது நின்னுபோச்சு. அப்போதான் முழிச்சுக்கிட்டு, குளிரான குவெட்டாவுலயும் காஷ்மீர்லயும் விதை உற்பத்தி ஆரம்பிச்சாங்க. 1947ல பிரிவினை வந்து குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. மறுபடியும் முதல்லருந்து, இமாசலத்துல குலு பள்ளத்தாக்குல கட்ரெயின்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சாங்க. விதை இன்னொருத்தர் கையில இருந்தா ஒரு போரும் ஒரு எல்லைக்கோடும் போதும், தோட்டம் தரிசாகிடும். நம்ம நாடு அதை அன்னைக்கே பார்த்திடுச்சு.

1963ல தேசிய விதைக் கழகம் வந்தது. 1966ல விதைச் சட்டம் வந்தது. விற்கிற விதைக்குத் தரம் இருக்கணும், முளைப்புத்திறன் இத்தனைன்னு சீட்டுல போடணும்னு சொன்ன சட்டம். அதைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. விவசாயி தன் இடத்துல விளைஞ்ச விதையைத் தன் இடத்திலேயே இன்னொருத்தருக்கு நேரா விதைக்கக் கொடுக்கிறதை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவும் இல்லை.

சர்க்கார் ரகங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அதுல நிறைய நம்ம ஊர்க் கொல்லையிலிருந்து போனதுதான். எம்.டி.யு. 1 கத்தரி, மதுரைப் பக்கத்துக் கல்லம்பட்டிக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. கிள்ளிகுளத்துல வெளியிட்ட கே.கே.எம். 1, குளத்தூர் நாட்டுக் கத்தரியிலிருந்து வந்தது. பெரியகுளத்து பி.கே.எம். 1 தக்காளிக்கு மூலம் அன்னஞ்சி ஊர்த் தக்காளி. ஆராய்ச்சி பண்ணினவங்க உழைப்பு பெரிசு, மறுக்கலை. ஆனா கல்லம்பட்டியில யாரோ ஒரு அம்மா காயைத் தின்னாம விட்டிருக்கலேன்னா ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துட்டுப் போக என்ன இருந்திருக்கும்? இந்த ரகங்கள்ல விவசாயியே மறுபடி விதை எடுத்துக்கலாம். அதுவரைக்கும் கயிறு அறுந்துபோகலை.

கயிறு அறுந்தது வீரிய ஒட்டு விதையில, அதாவது ஹைபிரிட்ல. 1973ல பெங்களூர்க் கம்பெனி ஒண்ணு 'கர்நாடகா'ங்கிற பேர்ல தக்காளியும் 'பாரத்'ங்கிற பேர்ல குடைமிளகாயும் ஹைபிரிட்டா கொண்டு வந்தது. 1988ல புது விதைக் கொள்கை வந்து, வெளிநாட்டுக் காய்கறி விதை இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டாங்க. அடுத்த பத்து, பதினஞ்சு வருஷத்துல எங்க ஊர் விதைக்கடைச் சுவரே நிறம் மாறிப்போச்சு.

ஹைபிரிட் விதை முளைக்காது, அது மலட்டு விதைன்னு டவுன்ல பரவலா ஒரு பேச்சு இருக்கு. அது தப்பு. முளைக்கும். ரெண்டு வேற வேற தாய் தகப்பனைச் சேர்த்து உண்டாக்கின முதல் தலைமுறை அது. அதோட காயில விதை எடுத்துப் போட்டா, ஒண்ணு பாட்டனைக் கொண்டு வரும், ஒண்ணு பாட்டியைக் கொண்டு வரும். பத்துச் செடி பத்து விதமா நிக்கும். வீட்டுக் குழம்புக்கு அது பெரிய நஷ்டமில்லை. சந்தைக்குப் போறவனுக்கு அது நஷ்டம். அதனால வருஷா வருஷம் கடைக்குப் போகணும்.

சந்தை கேட்டது வேற

இதையெல்லாம் கம்பெனி சதின்னு ஒரே வார்த்தையில முடிக்க எனக்கு மனசில்லை. எங்க ஊருக்கு ஒட்டன்சத்திரம் சந்தை. அங்கேயிருந்து காய் கேரளாவுக்கு லாரி லாரியா போகும். லாரியில ராத்திரி முழுக்கக் குலுங்கிப் போற தக்காளிக்குத் தோல் கெட்டியா இருக்கணும். எங்க பழைய நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறுமா ரசத்துக்கு அவ்வளவு ருசி, ஆனா பெட்டியில அடுக்கினா பாலக்காடு தாண்டுறதுக்குள்ள சாறாயிடும். கமிஷன் மண்டியில எல்லாக் காயும் ஒரே அளவு, ஒரே நிறமா இருந்தாத்தான் விலை. வைரஸ் தாங்குற ரகம், ஏக்கருக்குக் கூடுதல் பெட்டி எல்லாம் ஹைபிரிட்ல உண்டு. நானும் விற்கிற காட்டுல அதைத்தான் போடுறேன், கடன் கட்டணும்ல.

நஷ்டம் வேற இடத்துல நடந்தது. காட்டுக்குக் கடை விதை வந்ததும், வீட்டுக் கொல்லைக்கும் அதிலேயே மிஞ்சின நாத்தைக் கொண்டாந்து நட்டோம். கொல்லை காட்டோட வாலாகிப் போச்சு. சந்தைக்கு வேண்டிய குணம் வீட்டுக்கு வேண்டியதில்லை. வீட்டுக்கு வேண்டியது தினம் நாலு காய், ஆறு மாசம் காய்க்கிற செடி, ருசி. அந்தக் குணம் உள்ள விதையை யாரும் விரட்டலை. கவனிக்க ஆளில்லாம தானே போயிடுச்சு.

எங்க தெருக்கோடியில ஒரு பெரியம்மா இருந்தாங்க. அவங்க கொல்லையில மட்டும் ஒரு கத்தரி, பச்சையில வெள்ளைக் கோடு ஓடி, உள்ளங்கை அளவுல தட்டையா இருக்கும். சுட்டுக் கடைஞ்சா வேற காய் வேண்டாம். கடைசி ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தாங்க. அவங்க போனதுக்கப்புறம் பிள்ளைங்க வீட்டை இடிச்சுக் காரை வீடு கட்டினாங்க. விதைப்பானை எந்தப் பக்கம் போச்சுன்னு யாருக்கும் தெரியலை. அந்தக் கத்தரியை அப்புறம் நான் எங்கேயும் பார்க்கலை. சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் கேட்டுட்டேன்.

பட்டினியிலும் தின்னாதவங்க

நல்லதைத் தின்னாம வைக்கிறது நம்ம ஊர்ப் பொம்பளைங்களோட மட்டும் போகலை. ரஷ்யாவுல நிக்கோலாய் வாவிலோவ்னு ஒரு விஞ்ஞானி. உலகம் முழுக்கச் சுத்தி ஊர் ஊரா விவசாயிகள்கிட்ட விதை கேட்டு வாங்கி, லெனின்கிராடுல லட்சக்கணக்கான மாதிரிகளைச் சேர்த்து வச்சார். 1941 செப்டம்பர்ல ஜெர்மன் படை அந்த ஊரை வளைச்சது. 1944 ஜனவரி வரைக்கும் முற்றுகை. பல லட்சம் பேர் பசியில செத்தாங்க. விதைக் கிடங்குக்குள்ள நெல்லு, கோதுமை, கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தது. காவல் இருந்தவங்க அதைத் தொடலை. நெல்லுக்குப் பொறுப்பா இருந்த திமித்ரி இவானோவ் பட்டினியில செத்தப்போ, அவரைச் சுத்தி நெல்லு இருந்தது. அப்படிப் பல பேர் செத்தாங்க. வாவிலோவும் 1943ல சரடோவ் ஜெயில்ல செத்துப்போனார். அவரை ஜெயில்ல போட்டது எதிரிப்படை இல்லை, சொந்த அரசாங்கம்தான்.

விதை நெல்லைக் குத்தித் தின்னக்கூடாதுன்னு எங்க அப்பத்தா சொன்ன புத்திமதியோட கடைசி எல்லை அதுதான்னு நினைக்கிறேன்.

இப்போ டெல்லியில 1976லிருந்து தேசியப் பயிர் மரபு வளப் பணியகம் இருக்கு. நார்வேயில பனிமலைக்குள்ள 2008ல உலக விதைக் கிடங்கு திறந்தாங்க. எல்லாம் வேண்டியதுதான். ஆனா குளிர்ப்பெட்டியில இருக்கிற விதை தூங்குற விதை. அது போன வருஷ வெயிலைப் பார்க்கலை, இந்த வருஷம் வந்த வெள்ளை ஈயைப் பார்க்கலை. கொல்லையில வருஷா வருஷம் முளைச்சுக் காய்க்கிற விதைதான் காலத்தோட கூடவே நடந்து வரும்.

சட்டம் நம்ம பக்கம்

விதை எடுத்து வச்சா கேஸ் வருமான்னு சில பேர் பயப்படுறாங்க. 2001ல வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் தெளிவாச் சொல்லுது. பதிவு பண்ணின ரகமா இருந்தாலும் விவசாயி அதுல விதை எடுத்து வைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனி பேர் போட்டுப் பொட்டலம் கட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2019ல குஜராத்துல உருளைக்கிழங்கு போட்ட விவசாயிகள் மேல ஒரு சிப்ஸ் கம்பெனி வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு வரவும் வழக்கைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க.

கத்தரிக்கே ஒரு பெரிய சண்டை நடந்தது. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபர்ல நிபுணர் குழு ஒப்புதல் கொடுத்தது. ஊர் ஊரா மக்கள் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரியில மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வச்சார். அன்னைக்குப் பலரும் சொன்ன ஒரு காரணம், கத்தரிக்கு இந்தியாதான் தாய்வீடு, இங்கே இருக்கிற ஊர்க் கத்தரிகள் கெட்டுப்போகக் கூடாதுங்கிறது. சரியான பேச்சுதான். ஆனா ஊர்க் கத்தரிக்காக மேடையில பேசின ஊர்கள்ல, எத்தனை கொல்லையில அந்தக் கத்தரி நின்னது? உரிமையைச் சட்டம் கொடுக்கும். விதையைச் சட்டம் கொடுக்காது.

இந்த ஆடிக்கு

எங்க பக்கத்து வெக்கையில சாதாரணமா வச்சா வெங்காய விதை ஒரு வருஷம் தாங்குறதே பெரிசு. வெண்டை ரெண்டு வருஷம். கத்தரி, தக்காளி மூணு நாலு வருஷம். அதுக்கு மேல முளைப்பு விழுந்துடும். ஒரு வீட்டுல நாலு வருஷம் விதைக்கலேன்னா, நூறு தலைமுறையா வந்த விதையும் அந்த வீட்டோட முடிஞ்சது. இப்போ ஊர்ல விதைப்பானை வச்சிருக்கிறவங்க எழுபது, எண்பது வயசுக்காரங்க. அதனாலதான் அவசரம்.

மாடியில பத்துத் தொட்டி வச்சிருக்கிறவங்களாலயும் இது முடியும். முதல்ல அவரை, காராமணி, தக்காளியில ஆரம்பிங்க. இதெல்லாம் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சேர்ந்துக்கும், பக்கத்துச் செடியோட அவ்வளவா கலக்காது. விதைப் பொட்டலத்துல எஃப் 1ன்னு போட்டிருந்தா அது ஹைபிரிட், அதை விட்டுட்டு நாட்டு ரகமோ பி.கே.எம். 1 மாதிரி ரகமோ எடுங்க. கத்தரி, வெண்டை, மிளகாய் கொஞ்சம் கலக்கும். ஒரு வீட்டுல ஒரு ரகம்னு வச்சுக்கிட்டாப் பாதிச் சிக்கல் தீரும். சுரை, பீர்க்கு, பரங்கிக்கு ஆண் பூ வேற, பெண் பூ வேற. தேனீயும் வண்டும் எங்கேயிருந்து மகரந்தம் கொண்டு வரும்னு சொல்ல முடியாது. பெண் பூ விரியறதுக்கு முந்தியே துணிப்பை கட்டி, விரிஞ்சதும் அதே ரகத்து ஆண் பூவை எடுத்துத் தடவி, மறுபடி கட்டிவிடணும். பரங்கி காலையில விரியும், பீர்க்கும் சுரையும் சாயந்திரம் விரியும். ஒரே செடியில எடுக்காம நாலஞ்சு செடியில விதை எடுத்துக் கலந்து வைங்க. பேரும் வருஷமும் எழுதி வைங்க.

லீவுக்கு ஊருக்குப் போறவங்க இன்னொண்ணு செய்யலாம். வீட்டுல வயசான அம்மா, அத்தை, சின்னம்மா இருந்தா, பழைய காய் எதுக்காவது விதை வச்சிருக்கீங்களான்னு கேளுங்க. ஒரு பிடி வாங்கிட்டு வாங்க. எப்போ போடணும், எப்படி எடுத்து வைக்கணும்னு அவங்க வாயாலேயே கேட்டுக்குங்க. அவங்களுக்கும் அது சந்தோஷமா இருக்கும், இதையெல்லாம் யாரும் கேட்டு ரொம்ப வருஷம் ஆயிருக்கும்.

அப்புறம், காய்ச்சதுல நல்ல காயாப் பார்த்து ஒண்ணுக்குத் துணி கட்டுங்க. எடுத்த விதையில பாதியை உங்களுக்கு வச்சுக்கிட்டு மீதியை ரெண்டு வீட்டுக்குக் கொடுங்க. உங்க தொட்டியில ஒரு வருஷம் செத்துப்போனாலும் அந்த வீட்டுல போய்க் கேட்டு வாங்கிக்கலாம்.